மூலை மஞ்சள்

கோயம்புத்தூர்
10.7.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்புச்செல்வி எழுதுகிறேன். நான் சுகம். நீயும் அம்மாவும் சுகந்தானே? மஞ்சள் மண்டித் தூசியில் அம்மாவுக்கு வந்த இருமல் நின்றுவிட்டதா?

ஹாஸ்டலில் போன வருஷத்து அறையே கிடைத்திருக்கிறது. கூட இருப்பவளும் அதே ஹுமேராதான். ஈட்டி எறிகிறவள், தாராபுரத்துப் பெண் என்று சொல்லியிருக்கிறேனே, அவள். அம்மா கொடுத்துவிட்ட மஞ்சள்பொடியை மோந்து பார்த்துவிட்டு, "எங்க ஊட்டுப் பொடியெல்லாம் இதுக்கு முன்னால நிக்காது" என்றாள். அம்மாவிடம் சொல்.

காலை ஐந்தரைக்கு மருதமலை ரோட்டில் ஓட்டம். எங்கள் கோச் கோவிந்தராஜுலு சார் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறார். ஓடி முடித்ததும் தேதி போட்டு, நல்ல நாள் என்றால் 'ந', கெட்ட நாள் என்றால் 'கெ' என்று எழுத வேண்டும். சாப்பாடு பரவாயில்லை. முட்டை உண்டு.

———————

வழக்கம்போலக் கோடு போட்டுவிட்டேன். மேலே உள்ளதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. இது உனக்கு.

டிசம்பரில் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு ஓட்டம். பத்தாயிரம் மீட்டரில் மூன்று பேரை எடுப்பார்கள். போன வருஷம் ஐந்தாவது வந்தேன், புதுசு என்று சீட்டில் கை வைக்காமல் விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் மூன்றுக்குள் வராவிட்டால் பொங்கலோடு ஹாஸ்டல் சீட்டு இல்லை என்று ஆபீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். சீட்டு போனால் படிப்பும் போன மாதிரிதான்.

நோட்டில் இதுவரை எட்டு நாள் எழுதியிருக்கிறேன். ஐந்து 'கெ'. அதைப் பார்த்தால் எனக்கு வருத்தம் வர வேண்டும். வரவில்லை. 'ந' எழுதிய மூன்று நாளும் சந்தோஷமும் இல்லை.

உன் தங்கை
அன்பு

❖

கோபிசெட்டிபாளையம்
19.7.1994

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் தமிழ்ச்செல்வனின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். இருமல் நின்றுவிட்டது, அம்மா நிற்கவில்லை. காலை எட்டுக்கு மண்டிக்குப் போனால் விரலி வேறு, கிழங்கு வேறு என்று பொழுது சாயும்வரை பொறுக்குகிறாள்.

எனக்கு அச்சாபீசில் ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைக்கிற வேலையும் என் தலையில்தான். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் மஞ்சள் வைக்கிறேன், எனக்கு வைக்கத்தான் ஆளில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவ ஓடறதெல்லாஞ் செரி, நேரத்துக்குத் திங்கறாளான்னு கேளு." படித்து முடித்ததும் எப்போதும்போலக் கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள் அதில் எதைத்தான் பார்க்கிறாளோ! பிறகு சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

கோட்டுக்குக் கீழே இருந்ததை நான் மட்டும் படித்தேன். கெட்ட நாளில் என்னதான் செய்வாய்? எங்கள் அச்சாபீசில் கெட்ட நாள் என்றால் டீ குடித்துவிட்டு வருவோம். ஓடுகிறவளுக்கு டீக்கடையும் கிடையாது. எழுது.

அண்ணன்
தமிழ்

❖

கோயம்புத்தூர்
21.8.1994

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். அம்மா கேட்டதற்குப் பதில்: நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். தின்னாமல் ஓட முடியாது.

போன செவ்வாய்க்கிழமை நல்ல நாள். மழை பெய்து ரோடு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கால் தானாகப் போயிற்று, மூச்சு சத்தமே இல்லை. பாதி தூரம் போன பிறகுதான் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது பெரிய விஷயம்.

———————

கெட்ட நாளில் என்ன செய்வேன் என்று கேட்டாய். மைதானத்தில் இருபத்தைந்து சுற்று. நல்ல நாளோ கெட்ட நாளோ, சுற்று குறையாது. கெட்ட நாளில் முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும். தொடையில் மணல் மூட்டை கட்டின மாதிரி இருக்கும். அப்போது இருபத்தைந்தை நினைக்க மாட்டேன். தண்ணித் தொட்டிவரை போவேன். அங்கிருந்து கொடிக்கம்பம். கொடிக்கம்பத்திலிருந்து மறுபடி தண்ணித் தொட்டி. அவ்வளவுதான், வேறு வித்தை எதுவும் இல்லை.

முன்பெல்லாம் அழுகை வரும், கோபம் வரும். இப்போது ஒன்றும் வருவதில்லை. ஹுமேரா ஈட்டி சரியாகப் போகாவிட்டால் அதைத் தரையில் போட்டு உதைக்கிறாள். அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. எனக்கு உள்ளே மரத்துப்போயிருக்கிறது, அண்ணா. ஊசி குத்தினாலும் "ஓகோ, ஊசி" என்றுதான் தோன்றும் போல.

வலது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக ஒரு வலி. பெரிதில்லை.

அன்பு

❖

கோயம்புத்தூர்
18.9.1994

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லாம் நன்றாகப் போகிறது. ஹுமேராவுக்குப் பிறந்தநாள் வந்தது, பிரியாணி சாப்பிட்டோம்.

———————

ஒன்றும் நன்றாகப் போகவில்லை. வியாழக்கிழமை ஒன்பதாவது சுற்றில் நின்றுவிட்டேன். ஓட ஆரம்பித்த காலத்திலிருந்து நடுவில் நின்றதே கிடையாது. வலது காலை ஊன்ற முடியவில்லை. டாக்டர் எலும்பைச் சுற்றி வீக்கம் என்கிறார். மூன்று வாரம் ஓடக் கூடாதாம். சார் நோட்டை வாங்கி அவரே 'கெ' எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக் கொடுத்தார்.

அம்மா கொடுத்த மஞ்சளோடு சுண்ணாம்பு குழைத்துச் சுடவைத்துப் பத்துப் போட்டிருக்கிறேன். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். டிசம்பருக்கு இன்னும் எண்பது நாள் கூட இல்லை.

இதைச் சொல்லும்போது நான் அழ வேண்டும் என்று ஹுமேரா எதிர்பார்த்தாள். பிரியாணி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் பயந்துபோனாள்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்பு

❖

கோபி
25.9.1994

அன்புத் தங்கைக்கு,

கால் எப்படி இருக்கிறது? முதலில் அதை எழுது. அம்மா நலம். நான் நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

ஒரு காரியம் நடந்துபோயிற்று. உன் மேல் பாதி தப்பு, என் மேல் பாதி. பத்துப் போட்ட கையைக் கழுவினாயா நீ? இன்லண்ட் லெட்டரை மடித்து ஒட்டும்போது உன் விரல் பட்ட இடமெல்லாம் மஞ்சள். அதுவும் பார்த்து வைத்த மாதிரி மூலை மூலையாக! தபால்காரர் அன்றைக்கு அதை வீட்டில் போடாமல் மண்டியில் அம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். மூலையில் மஞ்சள் பூசின காகிதம் வந்தால் என்ன அர்த்தம்? மண்டிப் பெண்கள் அத்தனை பேரும் அம்மாவைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "பாவாத்தா, உன்ற புள்ள செயிச்சுப்போட்டா! மஞ்ச வெச்சுல்ல அனுப்பியிருக்கறா!"

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. வேலையை விட்டு ஓடினேன். கூட்டத்துக்கு நடுவே அம்மா கடிதத்தை நீட்டுகிறாள். ஒட்டைப் பிரித்தேன். மேலே பிரியாணி, கீழே வீங்கின கால். முப்பது கண்கள் என் வாயையே பார்க்கின்றன. நான் என்ன செய்வேன்? "அணியில எடுத்துட்டாங்களாம்" என்று படித்துவிட்டேன்.

அம்மா சிரிக்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. ஒரு நிமிஷம் காகிதத்தையே பார்த்தாள். சந்தோஷத்தில் வாயடைத்துப்போனாள் என்று நினைத்தேன். பிறகு கடலை மிட்டாய் வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. டிசம்பரில் நீ மூன்றுக்குள் வந்துவிட்டால் இது பொய்யே இல்லை, கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன நிஜம். அதனால் காலைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

அண்ணன்
தமிழ்

❖

கோபி
27.10.1994

அன்புத் தங்கைக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கோபமா, காலா? ஹாஸ்டலுக்கு ஃபோன் செய்தால் எடுத்தவர் "இருக்காங்க, ஓடப் போயிருக்காங்க" என்றார். ஓடுகிறாய் என்று தெரிந்ததில் எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் தீபாவளி. நீ வரவில்லை என்று தெரியும். அம்மா தினமும் "காயிதம் வந்துச்சா" என்று கேட்கிறாள். எத்தனை நாள் இல்லை என்பேன்? முந்தாநாள் அச்சாபீசில் எழுத்துக் கோக்கக் கொடுத்த ஒரு காகிதம் பையில் இருந்தது. கையால் எழுதியது. அதையே எடுத்து, "அன்பு போட்டிருக்கா" என்று படித்துக் காட்டினேன். நீ நன்றாக இருப்பதாகவும், நாள் தவறாமல் ஓடுவதாகவும், முட்டை தின்பதாகவும் சொன்னேன். அது யாரோ பெரியவருடைய கருமாதிப் பத்திரிகை. அதைப் பார்த்து முட்டை என்று படித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அம்மா வழக்கம்போல வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகப் போனவள், செருகாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வரி போதும். எழுது.

தமிழ்

❖

கோயம்புத்தூர்
8.11.1994

அண்ணா,

சுகம்.

———————

கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். பதில் எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பேன், பிறகு தூங்கிவிடுவேன்.

அக்டோபர் பத்திலிருந்து ஓடுகிறேன். நோட்டில் ஒரு நாள் 'ந', ஒரு நாள் 'கெ', இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. சார் கேட்டார். "தெரியலீங்க சார்" என்றேன். "தெரியலைனா தெரியலைனு எழுது. ஆனா ஓடு" என்றார்.

நான் ஓடுகிற ஒவ்வொரு சுற்றிலும் மண்டிப் பெண்கள் தின்ற மிட்டாய் ஞாபகம் வருகிறது. அது கூட வலிக்கவில்லை. கணக்குப் போடுகிற மாதிரிதான் இருக்கிறது. நாலு பேர் என்னைவிட வேகம். அதில் ஒருத்திக்கு மஞ்சள் காமாலை. மீதி மூன்று பேர். அந்த மூன்றில் ஒருத்தியை நான் முந்த வேண்டும்.

டிசம்பர் ஒன்பது, வெள்ளிக்கிழமை.

அன்பு

❖

கோயம்புத்தூர்
11.12.1994

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். கால் வலிக்கவில்லை. கோடு போடவில்லை, முழுவதும் உனக்குத்தான். அம்மாவுக்கு என்ன படித்துக் காட்டுவது என்று உனக்குத் தோன்றியதைச் செய்.

நாலாவது வந்தேன்.

கெட்ட நாளாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருந்திருக்கும். இந்த வருஷத்திலேயே அதுதான் நல்ல நாள். முதல் சுற்றிலேயே தெரிந்தது. தண்ணித் தொட்டியும் வேண்டியிருக்கவில்லை, கொடிக்கம்பமும் வேண்டியிருக்கவில்லை. இருபதாவது சுற்றில் மூன்றாவதாகப் போனவளைப் பிடித்துவிட்டேன். அவளுடைய ஜடை என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. சிவப்பு ரிப்பன். ஐந்து சுற்று அந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். கை நீட்டினால் எட்டும். அது கிட்டேயும் வரவில்லை, தூரமாகவும் போகவில்லை. கோட்டைத் தாண்டின பிறகும் அது எனக்கு முன்னால்தான் இருந்தது.

என் வாழ்நாளில் இவ்வளவு வேகமாக ஓடினதில்லை என்று சார் கடிகாரத்தைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஹுமேரா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, இன்றைக்கு நோட்டில் என்ன எழுதுவது என்று யோசித்தேன். 'ந' என்றுதான் எழுதினேன். அது நிஜந்தானே?

பொங்கலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தால் மண்டிக்குப் போகலாம். மிட்டாய் தின்றவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து மஞ்சள் பொறுக்கலாம். எனக்கு அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான் என்கிற மாதிரி இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அன்பு

❖

கோபி
20.12.1994

அன்புச்செல்விக்கு,

இதை எழுதுவது ரம்ஜான் பீவி. உன் அம்மாவோடு மண்டியில் சாக்குத் தைக்கிறவள். எட்டாவதுவரை படித்திருக்கிறேன். உன் அம்மா, தன் வாயில் வருவதை ஒரு சொல் மாற்றாமல் எழுத வேண்டும் என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கியிருக்கிறாள். அப்படியே எழுதுகிறேன். தமிழ்ச்செல்வனுக்குத் தெரியாது.

கண்ணு அன்பு, நல்லாருக்கறயா? நா நல்லாருக்கறன். உன்ற அண்ணன் நாலு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு, சோத்துல கையி வெக்காம உக்காந்திருக்கறான். உன்ற காயிதம் வந்துச்சான்னா வல்லீன்னான். அவன் சட்டப் பையில இருந்துச்சு, தொவைக்கறப்பப் பாத்தன், பீவியப் படிக்கச் சொல்லிக் கேட்டன். அவன் சொல்லாட்டிப் போறான். நீ நாலாவதா வந்தே, அறையக் காலி பண்ணோணும், அதான?

அன்னிக்கி மஞ்ச பட்ட காயிதம் வந்துச்சே, அன்னிக்கே எனக்குத் தெரியுஞ் சாமி. நீ பொறக்கறதுக்கு முந்தியிருந்து மஞ்ச பொறுக்கறவ நானு. நல்ல காரியத்துக்கு வெக்கற மஞ்ச மூலையில சும்மா தொட்டு வெச்சாப்புல நிக்கும். உன்ற காயிதத்துல வெரல் ரேகையோட ஒட்டியிருந்துச்சு. ஓரத்துல செவப்புத் தட்டியிருந்துச்சு. சுண்ணாம்பு சேந்தாத்தான் மஞ்ச செவக்கும். அது பத்துப் போட்ட மஞ்ச. புள்ளைக்குக் கால்ல அடின்னு எனக்கு அந்நேரத்துக்கே தெரிஞ்சுபோச்சு. எந்தக் காலுன்னுதான் தெரியல. வலதா, எடதா? மூணு மாசமா அதே நெனப்பு. யாருகிட்டக் கேக்கறது?

ஏன் சொல்லலீன்னு கேப்பே. அத்தன பொம்பளைங்க முன்னால உன்ற அண்ணன் மூஞ்சி வெளுத்து நின்னான். எம் பையன் பொய் சொல்றான்னு நானே சொல்றதா? ஊட்டுக்கு வந்தாவது சொல்லலாம்னா, நெசத்த நானுந் தெரிஞ்சுபோட்டன்னா நீ அந்தக் கோட்டுக்குக் கீழ எழுதறதையும் உட்டுப்போடுவீன்னு பயம். எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு, கோடு தெரியும். கோட்டுக்கு மேல எழுத்து எச்சா இருந்தா உனக்கு நல்ல நாளு. கீழ எச்சா இருந்தா கெட்ட நாளு. ரெண்டு வருசமா அப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கறன். தீவாளிக்கு முந்தி அவனொரு காயிதத்தப் படிச்சான். அதுல கோடே இல்ல. அன்னிவரைக்கும் உன்ற காயிதம் கோடில்லாம வந்ததே இல்லியே. சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. செரி, பையன் ஆசையாப் படிக்கறான்னு உட்டுப்போட்டன்.

மண்டியில நேத்து நானே சொல்லிப்போட்டன். புள்ள ஓடுச்சு, நாலாவதா வந்துச்சுன்னு. தின்ன முட்டாயத் திருப்பிக் குடுக்க மாட்டமுன்னு சிரிச்சாளுங்க. அவ்வளவுதான்.

சூலூருல நரசிம்மலு மாமனுக்குச் சொல்லியுட்டன். அவனூட்டுல இருந்துக்கிட்டு பஸ்ஸுல காலேசுக்குப் போயிக்கலாமாம். ஓடறதா இருந்தாலும் ஓடு, வேண்டாம்னாலும் செரி. உன்ற காலு, உன்ற இஷ்டம்.

இனிமே எனக்குன்னு மேல தனியாக் கீழ தனியா எழுதாத. நல்ல நாளா இருந்தா மூலைக்கு மஞ்ச வெய்யி. கெட்ட நாளுன்னா வெறுங் காயிதத்தப் போடு. சாவுச் சேதின்னு கருப்பு மை தடவி வந்தாத்தான் கிழிச்செறிவாங்க, வெறுங் காயிதத்த நா கிழிக்க மாட்டன். எதுவா இருந்தாலும் வந்துபோடோணும். காயிதம் வராத நாளுதான் எனக்குக் கெட்ட நாளு.

நேரத்துக்குத் தின்னு.

இதற்கு மேல் அவள் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் எழுதினதை எனக்கே திருப்பிப் படிக்க முடியவில்லை அம்மணி. எங்கள் வீட்டிலும் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள்.

ரம்ஜான் பீவி

❖

கோபி
2.1.1995

அன்புத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அம்மா நலம். நான் அசடு வழிந்துகொண்டிருக்கிறேன். ரம்ஜான் பீவி அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஊர் முழுக்க எழுத்துக் கோக்கிறவன் நான். என் வீட்டில் ஒருத்தி கோட்டை வைத்தே கடிதம் படித்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. "ஏம்மா, அந்தக் கருமாதிப் பத்திரிகையப் படிச்சன்னைக்காவது என்னை நிறுத்தியிருக்கலாமே" என்றேன். "நல்லாத்தானே படிச்சே" என்கிறாள்.

பெட்டி படுக்கையை மாமா வந்து சூலூருக்கு எடுத்துப்போவார். நீ போய்ச் சேர்ந்ததும் எழுது.

அண்ணன்
தமிழ்

❖

சூலூர்
12.2.1995

அன்புள்ள அண்ணா,

சுகம். மாமா வீட்டில் எல்லாரும் சுகம். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. ரம்ஜான் பீவி அக்கா எழுதினதைப் பையிலேயே வைத்திருக்கிறேன். நேற்றுதான் அதைப் படிக்கும்போது அழுகை வந்தது. பஸ்ஸில், நின்றுகொண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கோவிந்தராஜுலு சார் நோட்டைத் திருப்பி வாங்கவில்லை. இன்று காலை குளக்கரையில் போய்வந்தேன். தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே ஓடினேன். நல்ல நாள் என்று சொல்ல முடியாது, கெட்ட நாளும் இல்லை. தேதி மட்டும் எழுதியிருக்கிறேன்.

வலதா, எடதா என்று அம்மா கேட்டிருந்தாள். இந்தக் கார்டில் வலது பக்கம், கீழ் மூலையில் மட்டும் மஞ்சள் தொட்டு வைத்திருக்கிறேன். சுண்ணாம்பு சேர்க்காத மஞ்சள்.

அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். கையில் கொடுத்தால் போதும்.

அன்பு